மூன்று வடையும் ஒரு கொப்பியும்: கொழும்புச் சைவக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கு,

வணக்கம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு என்று கொழும்பில் சைவக் கடை நடத்துகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கடையைக் குறிவைத்து எழுதவில்லை, எந்தக் கடையின் பெயரையும் சொல்லப் போவதுமில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட உங்கள் தோசையிலும் சாம்பாரிலும் வளர்ந்த உடம்பு இது. அந்த உரிமையில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த களவைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களிடம் ஒன்றும் கேட்க எனக்கு வாயில்லை.

1996ஆம் ஆண்டு. முந்தைய வருடம் ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டு, தென்மராட்சி, வவுனியா என்று அலைந்து, கடைசியில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக வந்து விழுந்தேன். பகலில் கணக்கியல் வகுப்பு. பின்னேரம் பசி. வீட்டுக் காசு எப்போது வரும், யார் கையில் வரும் என்று ஒன்றும் தெரியாது. காலி வீதியில் ஒரு சைவக் கடை. போய் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு தட்டில் ஆறேழு வடை வந்துவிடும். உளுந்து வடை, கடலை வடை, சில நாள் போண்டா. தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். ஒழுங்காகப் பார்த்தால் பெடியன் தட்டை எண்ணிவிட்டுக் கல்லாவுக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் ஐந்து மணி நெரிசலில் அவன் எங்கே எண்ணுவது? நாமே கல்லாவில் போய்ச் சொல்வோம். 'ரெண்டு வடை, ஒரு பிளேன்டீ.' நம்பி வாங்குவார்கள்.

உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வியாபாரம் நடக்கிறதா தெரியாது. சாப்பிட்டவனின் மனச்சாட்சியே ரசீது.

நான் மூன்று வடை தின்றேன். இரண்டு என்றேன்.

'தன்னெஞ்சறிவது பொய்யற்க' என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கி, பொழிப்பும் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். பொய்த்தபின் தன்னெஞ்சே தன்னைச் சுடும் என்கிறார் வள்ளுவர். அன்றைக்கு நெஞ்சு சுடவில்லை. வடைதான் சுட்டது, வாய் வெந்துபோனது. அப்புறம் அது பழக்கமாயிற்று. வாரத்தில் இரண்டு தரம், சில வாரம் மூன்று. என் பக்கத்து நியாயம் ரொம்பச் சுலபமானது: அண்டா அண்டாவாகச் சோறு வடிக்கிற முதலாளிக்கு ஒரு வடை எம்மாத்திரம்?

நாலைந்து மாதம் கழித்து ஒரு மழை இரவு. கடையைப் பூட்டுகிற நேரம். குடை இல்லாமல் வாசலில் ஒதுங்கி நின்றேன். உள்ளே கல்லாவில் இருந்தவர் நீலமட்டைக் கொப்பி ஒன்றை விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே பெடியன்கள் வரிசையாக நின்றார்கள். காலையில் ஆளுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுப்பார்களாம். இரவில் அவனவன் மேசைகளுக்குக் கல்லாவில் விழுந்த காசையும் மிச்ச வடையையும் எண்ணிப் பார்ப்பார்களாம். எனக்கு வடை கொண்டுவந்து வைக்கிற பையனின் முறை வந்தது. அவனை நாங்கள் எல்லாரும் 'பசறை' என்றுதான் கூப்பிடுவோம், மலையகத்தில் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவன் என்பதால்.

'பசறை, வடை நாலு குறை.'

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கல்லாக்காரர் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் அவனிடம் கேட்டேன். 'என்ன தம்பி, ராத்திரி ஏச்சு விழுந்ததோ?'

'ஏச்சு இல்லண்ணே. குறை. மாசக் கடைசியில சம்பளத்துல புடிச்சுக்குவாங்க.' மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். பிறகு சிரித்தான். 'சில பேருக்கு எண்ணத் தெரியல போலண்ணே.'

என்னைத்தான் சொன்னானா, பொதுவாகச் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. துணி மேசையில் போட்ட வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. திருந்தியதால் அல்ல, முகம் பார்க்க வெட்கமாக இருந்ததால்.

பிற்காலத்தில் கணக்குப் பரிசோதனையே எனக்குச் சோறு போடும் தொழிலாயிற்று. அந்தத் தொழில் கற்றுத் தந்த ஒரு விஷயம்: எந்தக் கணக்கிலும் குறை காற்றோடு போய்விடுவதில்லை. யாரோ ஒருவர் பெயரில் அது எழுதப்பட்டே தீரும். பெரிய கம்பனியில் பங்குதாரர் பெயரில், சின்னக் கடையில் பசறையின் பெயரில். நான் முதலாளியின் வடையைத் திருடியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தின்றது பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனின் கூலியை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பலகையில் 'சைவம்' என்று எழுதியிருக்கிறது. அதை நம்பித்தான் நாங்கள் வருகிறோம். கந்தசஷ்டி ஆறு நாளும் உங்கள் கடைகளில் நிற்க இடம் இருக்காது. வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகளை நீங்களே நாளாந்தம் கேட்பீர்கள். கேக்கில் முட்டை இருக்கா? ஐஸ்கிரீமில் ஜெலற்றின் போட்டிருக்கா? கொத்து வெட்டுகிற தகடு வேறதானே? ஒரு அம்மா ஒருமுறை, வெங்காயம் வெட்டிய கத்தியாலா என் தக்காளியை வெட்டினாய் என்று ஒரு பெடியனைப் பிடித்து உலுக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அவருக்கு அன்று என்ன விரதமோ. நான் பரிகாசம் செய்யவில்லை. சாப்பாட்டில் இவ்வளவு கவனம் வைப்பதும் ஒருவிதமான மனச்சாட்சிதான். எங்கள் ஆட்கள் அதை இலேசில் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் அந்தப் பெடியன் அன்றைக்குச் சாப்பிட்டானா என்று அந்த அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் 'இல்லை' என்பதாகத்தான் இருந்திருக்கும். அப்போது மணி ஒன்றரை.

திருக்குறளில் கொல்லாமை அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சைவச் சாப்பாட்டுக்கு எல்லாரும் சான்று காட்டுகிற அதிகாரங்களில் ஒன்று. கொல்லாதே என்று தொடங்குகிறவர், இரண்டாவது குறளிலேயே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். 'பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல் நூலோர் தொகுத்தவற்றுள் எல்லாம் தலை.' நூலோர் தொகுத்து வைத்த அறங்களிலெல்லாம் தலையானது, இருப்பதைப் பிரித்துக் கொடுத்துத் தானும் உண்டு பல உயிரையும் காப்பது. இதை ஏன் ஈகையிலோ விருந்தோம்பலிலோ வைக்காமல் கொல்லாமையில் கொண்டுபோய் வைத்தார்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், பண்டிதர்கள் திருத்தட்டும். பிரித்துக் கொடுக்காமல் உண்பதும் கொலைக்குப் பக்கத்தில் இருக்கிற காரியம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்படியென்றால் மீனும் இறைச்சியும் இல்லாததால் மட்டும் ஒரு சமையலறை சைவமாகிவிடாது. பரிமாறுகிறவன் பட்டினியாக நிற்கிற கடையில் பலகை பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

உங்கள் பெடியன்கள் எப்போது சாப்பிடுகிறார்கள் என்று நான் ஒரு வாரம் பார்த்தேன். வேலையற்றவன் என்று நினைக்காதீர்கள், காலில் ஒரு சத்திரசிகிச்சை, வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கடையாகப் போய் உட்கார்ந்தேன். காலை ஆறு மணிக்கு இடியப்பமும் சொதியும் பரிமாறத் தொடங்குகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவது மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில். உட்காருவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒருவன் அரிசி மூட்டை மேல், ஒருவன் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் விளிம்பில், மற்றவர்கள் நின்றபடி. சோறு இருக்கும். கறிகள் தீர்ந்திருக்கும். சாம்பாரின் அடி இருக்கும். எல்லாக் கடையும் அப்படி இல்லை. ஒரு கடையில் பதினொரு மணிக்கே அத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைத்து, வாழையிலை போட்டு, முதலாளியே சோறு போட்டார். வாசலில் வந்த ஆட்களை 'பத்து நிமிஷம் நில்லுங்கோ, பிள்ளையள் சாப்பிடுதுகள்' என்று நிறுத்தி வைத்தார். அங்கே எனக்கு வந்த தோசை கொஞ்சம் கருகியிருந்தது. பரவாயில்லை.

இன்னொரு கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நெளிந்த அலுமினியக் குவளை ஒன்று தனியாகத் தொங்கியது. வேலையாட்கள் அதில்தான் குடித்தார்கள். வாடிக்கையாளருக்குப் பளபளப்பான எவர்சில்வர். இதைச் சாதி என்று நான் சொல்லவில்லை. வசதிக்காக வைத்தது என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் தனிக் குவளைக்கு எங்கள் ஆட்களிடையே ஒரு சரித்திரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு காலத்தில் சிலருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும்தான் தேநீர் கிடைத்தது, அதுவும் வெளியே நிற்க வைத்து. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து அதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஒடுக்கப்பட்ட சனம் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போய், அடி வாங்கி, அதற்குப் பிறகுதான் கடையின் முன் வாங்கு எல்லாருக்கும் பொதுவானது. கொழும்புச் சைவக் கடையின் பெருமை எனக்குத் தெரியும். இங்கே பக்கத்தில் இருப்பவன் யார், எந்த ஊர் என்று கேட்காமல் தோளோடு தோள் இடித்துச் சாப்பிடுகிறோம். முன் வாங்கில் நடந்த நல்ல காரியம் குசினிக் கதவு வரைக்கும்தான் வந்திருக்கிறது.

குசினியில் யார் நிற்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஹட்டன், பதுளை, பசறை, பண்டாரவளை என்று தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பெடியன்கள். அப்படி ஒருவனுடைய அம்மா பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாட் கூலி. நாலரை ஐந்து கிலோப் பச்சைக் கொழுந்து வாடித்தான் ஒரு கிலோத் தூளாகிறது. அந்தத் தூள் இதே கொழும்பில், 1883இலிருந்து நடந்துவரும் ஏலத்தில் விலைபோகிறது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. என் மேசைக்கு வருகிற பிளேன்டீயில் அம்மா பறித்த இலையும் மகன் ஏந்திய கையும் சேர்ந்து வருகின்றன. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் 'தம்பி, சீனி காணாது' என்று அதட்டுகிறபோது இது ஞாபகத்தில் இருப்பதில்லை.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1983 ஜூலையில் எரிந்த தமிழ்க் கடைகளில் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. சாம்பலைக் கூட்டிவிட்டு அதே இடத்தில் அடுப்பு மூட்டியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். லொட்ஜ் பெடியன்களுக்குக் கடன் கொப்பி வைத்துச் சோறு போட்டவர்களும் நீங்கள்தான். அந்தக் கடனில் எவ்வளவு திரும்பி வந்தது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். 2022 நெருக்கடியை யாரும் மறக்க முடியாது. 2,675 ரூபாய் விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ஆனது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். விறகு அடுப்புக்கு மாறினீர்கள், தோசையின் விட்டம் குறைந்தது, வடையின் துளை பெரிதானது. பகிடிக்குச் சொல்கிறேன். கடையைப் பூட்டாமல் வைத்திருந்ததே பெரிய காரியம்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் எழுதிவிடுகிறேன். இரண்டு ரூபாய் கூட்டினால் முகத்தைச் சுழிக்கிறோம். பிறகு இலவசமாக வருகிறது என்று மூன்றாம் தரம் சோறு போடச் சொல்லி, பாதியைப் பிசைந்து விட்டுவிட்டு எழும்புகிறோம். அந்தப் பாதி எங்கே போகிறது? 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள் பிற்பகல், மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. 32 பேர் செத்தார்கள். புத்தாண்டுச் சாப்பாடு முடித்து வீட்டில் இருந்த சனம். அந்த மலை கொழும்பு தின்று கழித்ததால் ஆன மலை. கோழி எலும்பும் கருவாட்டுத் தலையும் மட்டும் அங்கே போகவில்லை, எங்கள் வாழையிலையும், சோறு கட்டுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றும், சாம்பார் சோறும்கூடப் போயின. அதே வருடம் செப்டெம்பரில் லஞ்ச் சீற்றைத் தடை செய்தார்கள். மிச்சம் விடுவதை எந்த வர்த்தமானியாலும் தடை செய்ய முடியாது. என் தட்டில் நான் பிசைந்து விட்ட சோறு பன்னிரண்டரை மணிக்கு வாளிக்குள் போகிறது. அதை வழிக்கிற கைக்கு மூன்றரை மணிக்குத்தான் சாப்பாடு. இந்த மூன்று மணித்தியாலம்தான் என்னை உறுத்துகிறது.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. பாதி ஏற்கெனவே சட்டம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது: நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப்., அதற்கு நாலு வருடம் இளையது: சம்பளத்தில் தொழிலாளி எட்டு வீதம், நீங்கள் பன்னிரண்டு. நம்பிக்கை நிதிக்கு இன்னொரு மூன்று. 'பெடியன் ஆறு மாதத்தில் ஊருக்கு ஓடிவிடுவான், அவனுக்கு என்ன ஈ.பி.எப்.' என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார். ஓடாமல் இருக்கத்தான், ஐயா. வேலைக்குச் சேர்க்கிற வயது 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. பையனின் முகத்தைப் பார்த்து வயதைக் கேட்டால் எல்லாரும் பதினெட்டு என்றுதான் சொல்லுவார்கள். பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள்.

மற்றப் பாதிக்குச் சட்டம் இல்லை. பதினொரு மணிக்குக் கதவை அரைவாசி சாத்திவிட்டு அவர்களுக்கு முதலில் சோறு போடுங்கள். கறி தீருமுன். உட்கார ஒரு வாங்கு வையுங்கள். நாங்கள் வெளியே நிற்போம். பத்து நிமிடத்தில் யாரும் பட்டினியால் செத்துவிட மாட்டோம், விரதம் பிடித்தவர்கள் நிச்சயமாக மாட்டார்கள். அந்த நெளிந்த குவளையைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக அந்தக் கொப்பி.

கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் தட்டில் வடை வைப்பதை விட்டுவிட்டார்கள். கேட்டதைக் கொண்டுவந்து தருகிறார்கள், மெஷினில் பில் வருகிறது. ஆனால் சில கடைகளில் இன்னும் தட்டு வருகிறது, கொப்பியும் இருக்கிறது. நான் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பரிகாரம் செய்யத் தொடங்கினேன். மூன்று வடை தின்றால் கல்லாவில் நாலு என்று சொல்வேன். கடன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு நாள் வழியில் நடந்து வருகிறபோதுதான் என் தொழில் புத்தி விழித்தது. நான் கூடக் கொடுக்கிற காசு எங்கே போகிறது? இரவில் எண்ணுகிறபோது பெடியனின் கணக்குக்கு மேலே காசு இருக்கும். அது கல்லாவிலேயே தங்கிவிடும். அவன் பெயரில் எழுத மாட்டார்கள். 1996இல் நான் குறைத்துக் கொடுத்ததைப் பசறை கட்டினான். இப்போது கூட்டிக் கொடுப்பதை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்கள்.

ஆகவே முதலாளிமாரே, ஒன்றில் அந்தக் கொப்பியைக் கிழித்துப் போடுங்கள். வடை குறைந்தால் அது கடையின் நட்டம், வாடகை மாதிரி, கரண்ட் பில் மாதிரி. கிழிக்க மனமில்லையென்றால், 'குறை' என்று ஒரு பக்கம் இருக்கிற கொப்பியில் எதிர்ப்பக்கத்தில் 'மிச்சம்' என்றும் ஒரு தலைப்புப் போடுங்கள். மாதக் கடைசியில் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பெடியனிடம் காட்டுங்கள். கணக்குப் போடத் தெரியாவிட்டால் நான் வந்து போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். வழமையாகக் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மேசையில்தான் இருப்பேன், பதினொன்றரைக்குப் பிறகு.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06